மிஸ்டர் கிள்ளானின் கணுக்கால்

கண்ணாடிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையே ஒரு தவமாகச் செய்துவந்த ஆண்கள் சிலர் அந்தக் காலத்தில் மலேசியாவின் கிள்ளான் பட்டணத்தில் இருந்தார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில், சபாபதி மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்தில், மாலை வேலை முடிந்ததும் கூடுவார்கள். இரும்பைத் தூக்குவது கொஞ்ச நேரம். தூக்கிய கையைத் தடவிப் பார்ப்பது மீதி நேரம். ஒருவர் முதுகை ஒருவர் புகழ்வதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாதபடி மனிதனைக் கடவுள் படைத்ததே இந்த நட்பு வளரத்தானோ என்று தோன்றும்.

நாகையா அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கல்யாண வீடியோ. துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன் அவன். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவனுக்குத் தொப்பை விழாமல் வேறு என்ன விழும்? மைத்துனன் கல்யாணத்தில், பந்தியில் குனிந்து சாம்பார் ஊற்றும்போது சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் யார் இலையிலோ விழுந்தது. வீடியோக்காரன் அதை அப்படியே பிடித்து, இரண்டு தடவை வருகிற மாதிரி ஒட்டிவிட்டான். குடும்பமே உட்கார்ந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் அவன் மனைவி சந்திரகலா.

சந்திரகலாவின் வாய் காப்பார் சாலைப் பக்கம் பிரசித்தம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்கிற பிரிவு. ஓட்டை பார்த்துப் பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்கு மனிதர்களிடமும் அதையே தேடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மனசில் விஷம் கிடையாது. நாக்கில்தான் மிளகாய்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா. கண்ணாடி தேஞ்சிரும்," என்பாள்.

"உனக்குப் பொறாமை."

"ஆமா. எனக்கும் இந்த மாதிரி கை வேணும்னு மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கேன். தேங்காய் துருவ வசதியா இருக்கும்."

சபாபதி மாஸ்டர் ஒரு போட்டி நடத்தப்போவதாகவும், அதில் ஜெயிப்பவனுக்கு 'மிஸ்டர் கிள்ளான்' என்று மார்பில் பட்டை போட்டுவிடப்போவதாகவும் நாகையா ஒருநாள் வந்து சொன்னான். அன்றிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "மிஸ்டர் கிள்ளான், குப்பை லோரி வந்திருச்சு." "மிஸ்டர் கிள்ளான், பல்லி கீழ விழுந்திருச்சு, கொஞ்சம் தூக்கிப் போடுங்க, கனமா இருக்கும்." மகள் லெட்சுமி சிரிப்பாள். நாகையாவும் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

மாஸ்டர் பொடி விற்றார். கூடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய டின் ஒன்று. டின்னின் மேல் கழுத்தே இல்லாத ஒரு வெள்ளைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். டின் பார்ப்பதற்கு. பொடி வருவது பின்னால் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த நீல நிறப் பீப்பாயிலிருந்து. மாஸ்டர் அதை அள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் வளையத்தால் கட்டிக் கொடுப்பார். மஞ்சள் பொடி உடம்புக்கு, வெள்ளைப் பொடி பவருக்கு.

"உள்ள என்னா மாஸ்டர் இருக்கு?" என்று யாராவது கேட்டால், "சத்து," என்பார். அதற்கு மேல் கேட்கிறவனுக்கு நம்பிக்கை போதாது என்று அர்த்தம். கோவிலில்கூட இவ்வளவு பக்தியை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இது இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் லெட்சுமிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்துவிட்டால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நாகையா முருகனுக்கு நேர்ந்துகொண்டான். அப்போது அங்கே கண்ணாடியும் இல்லை, மாஸ்டரும் இல்லை. அந்த வேண்டுதலில் ஒரு துளி பொய் கிடையாது. இனி வருவதையெல்லாம் கேட்டுச் சிரிக்கும்போது நாம் அதை மறந்துவிடக் கூடாது.

பிள்ளை பிழைத்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிற்று. வீட்டில் கவிச்சி நின்றது. பாயில் படுக்கை, ஒருவேளைச் சோறு. நாகையாவுக்கு ஒரே கவலை: போட்டி தைப்பூசம் முடிந்த கையோடு வருகிறது, கோழியும் முட்டையும் இல்லாவிட்டால் தேடிச் சேர்த்த தசையெல்லாம் கரைந்துபோகுமே!

மாஸ்டர் ஒரு பண்டிதரைப் போலத் தீர்ப்புச் சொன்னார். "பொடி எதுல செய்றான்? பால்ல. பால யாரு குடுக்கிறா? பசு. விரதத்துக்குப் பால் ஆகாதுன்னு எந்த சாமிடா சொன்னுச்சு? சோத்தக் கொறைச்சிட்டு இதையே ரெண்டு பங்கா அடி. முருகனுக்கும் நல்லது, மசிலுக்கும் நல்லது."

அப்படியே செய்தான். சோறு தியாகமாயிற்று; அதன் இடத்தில் பொடி ஏறிற்று. விரதம் என்று சொல்லி முன்னைவிட அதிகமாக உள்ளே தள்ளிய பக்தனை முருகன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பான். 'தோலுக்கும் தசைக்கும் நடுவுல தண்ணி நின்னா கட்டு தெரியாது' என்று மாஸ்டர் சொன்னதால் தண்ணீரையும் குறைத்தான். பாரம் தூக்கிப் பழகியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கற்கண்டு மாதிரி போட்டுக்கொண்டான். காவடி கட்டுகிறவரிடம் போய், முன்பக்கத்து மயிலிறகைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னான்.

"ஏன்?" என்றார் அவர்.

"நெஞ்ச மறைக்குது லா."

சந்திரகலாவுக்கு இந்தக் கதை தெரிந்தபோது ஒரு வாரத்துக்குச் சிரிப்பு ஓடியது. "முருகா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. மிஸ்டர் கிள்ளானப் படம் பிடிக்கணும்!"

தை பிறந்ததும் நாகையா பருக்க ஆரம்பித்தான். முதலில் முகம். காலையில் பாயை விட்டு எழும்போது கன்னம் இரண்டும் உப்பி, கண்கள் உள்ளே போய், பளபளவென்று இருக்கும். பிறகு கால்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் அளவு நாடாவை எடுத்து ஆடுசதையைச் சுற்றிப் பார்த்தார்கள். போன வாரத்தைவிடக் கூடியிருந்தது. கூடமே கைதட்டிற்று.

"பார்த்தியா? கறியில்ல, முட்டையில்ல, காலு எப்படி ஏறியிருக்கு! எல்லாம் பொடிதான்!" என்று மாஸ்டர் அவன் காலையே ஒரு வெற்றிக் கோப்பையைப் போல எல்லாருக்கும் காட்டினார். அன்றைக்கே பீப்பாயின் மட்டம் நன்றாக இறங்கிற்று.

கூடத்துக்காரர்கள்தான் அப்படி என்றால் கோவில்காரர்கள் அவர்களுக்கு இளைத்தவர்களா? வெள்ளிக்கிழமை பஜனையில், பெண்கள் பக்கத்துக்குத் தலைவியான இராஜம்மா நாகையாவின் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சந்திரகலா, உன் வீட்டுக்காரரு மூஞ்சியப் பாரு. என்னா ஒரு தேஜஸ்! விரதம் சுத்தமா இருந்தாத்தான் இந்தக் களை வரும். முருகன் எறங்கிட்டாரு லா."

ஆக, மேல்மாடியில் அது தசை. கோவிலில் அது அருள். வீங்கிப்போன ஒரு மனிதனை ஊரே கூடி நின்று வாழ்த்திற்று.

சந்திரகலாவும் பார்த்தாள். ஒருநாள் காலை, தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், வாசலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "என்னாங்க, தண்ணி ஊத்தித் தொங்கவிட்ட கையுறை மாதிரி ஊதிப்போய் இருக்கீங்க!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து அந்த ஆண்டு வந்த பேச்சிலேயே அதுதான் முழு உண்மை. ஆனால் கேலியாக வந்ததால் அவன் காதில் ஏறவில்லை. அவள் காதிலும்தான் ஏறவில்லை.

மறுநாள் குளிக்கப் போனவன் கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சவர்க்காரம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். செருப்பு வார் பட்ட இடம் காலில் பள்ளமாகக் கிடந்தது. அவன் போய்விட்டு வந்த கக்கூசில், துணி துவைத்த தண்ணீரைப்போல நுரை தேங்கி நின்றது. அவள் நேரே அவனிடம் வந்தாள்.

"ஏங்க, இது சரியில்ல. வாங்க, கிளினிக் போய்ட்டு வந்துருவோம்."

"என்னா சரியில்ல?"

"ஒடம்பு வீங்கியிருக்கு. ஒண்ணுக்கு நுரையா போவுது. நான் பார்த்தேன்."

நாகையா திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. ஒரு சலிப்புதான் இருந்தது. "போன மாசம் பல்லி. நேத்து கையுறை. இன்னிக்கு கக்கூஸா? அதையும் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சிட்டியா?"

"வெளையாட்டுக்கு இல்லீங்க..."

"நீ எப்பக் கலா என்னை வெச்சு வெளையாடாம இருந்திருக்க? ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது. ஒனக்கு மட்டும்தான் வயிறு எரியுது. நானா ஒண்ணு செஞ்சு, நல்லா இருக்குன்னு உன் வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கியா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நிஜமாகவே தேடிப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து தேடினாள். லோரியைக் கழுவி மினுக்கி வீட்டு முன்னால் நிறுத்தி, வெளியே வா பார் என்று கூப்பிட்டானே, அன்றைக்கு என்ன சொன்னோம்? 'லோரிக்கு மேக்கப் போதும், எப்பக் கல்யாணம்?' என்றுதான். எல்லா இடத்திலும் ஒரு கேலிதான் கிடைத்தது. நல்ல சொல் ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும் என்று பார்த்தால், இல்லை.

பயம் அவளுக்கு நாளுக்கு நாள் ஏறிற்று. தைப்பூசத்தன்று வெயிலில், தண்ணீர் இல்லாமல், அலகு குத்திக்கொண்டு, அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இவன் ஆற்றங்கரையிலிருந்து கோவில்வரை நடக்கப்போகிறான். போய்ச் சேருவானா? இராஜம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா கேப்பாருக்கா."

"விரதக்காரர டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போறதா? ஊசியப் போட்டு, கண்ட மாத்திரையக் குடுத்து, விரதம் என்னாகிறது? தெய்வக் குத்தம் ஆயிரும். நீ ஒம் வாயக் கட்டு, அது போதும்."

அறிவுரையில் பாதி தப்பு. பாதி சரி. எந்தப் பாதி சரி என்பது இராஜம்மாவுக்கே தெரியாது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், நாகையா வீட்டுக் கூடத்தில் நின்று காவடிக்கான சலங்கையைக் காலில் கட்டிப் பார்த்தான். குனிந்தால் மூச்சு முட்டிற்று. "லெட்சுமி, இங்க வா, அப்பாவுக்கு இதக் கட்டிவிடு," என்றான். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. சந்திரகலா வந்து தரையில் உட்கார்ந்தாள். அவனுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சலங்கைப் பட்டை எட்டவில்லை. தைத்தபோது சரியாக இருந்த பட்டை. இழுத்தாள், இரண்டு நுனிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி நின்றது. பெருவிரலைக் கணுக்காலுக்கு மேல் வைத்து அழுத்தினாள். சதை அழுந்துகிற மாதிரி அது அழுந்தவில்லை. மாவைப்போல உள்ளே போயிற்று. கையை எடுத்தாள். குழி அங்கேயே நின்றது.

அவளுடைய கைக்குத் தண்ணீர் தெரியும். வேறு எது தெரியாவிட்டாலும் தோலுக்குள் நிற்கிற தண்ணீர் தெரியும்.

நாகையா மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். இதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். யானைக்கால் என்பாள், இட்டிலி மாவு என்பாள். எதுவும் வரவில்லை. சந்திரகலா இன்னொரு இடத்தில் மெதுவாக அழுத்தினாள். அங்கேயும் குழி விழுந்தது. பிறகு முந்தானையை எடுத்து, அவன் பாதத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள், பிள்ளையின் காலைத் துடைக்கிற மாதிரி.

"என்னா கலா?"

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் வாயடைத்து அவன் பார்த்ததில்லை. மேல்மாடிக் கைதட்டலும், இராஜம்மாவின் தேஜஸும், மாஸ்டரின் பீப்பாயும் எல்லாம் சேர்ந்து கட்டிவைத்த தைரியம் அந்த ஒரு மௌனத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கலா, பயமா இருக்கு லா. மூணு நாளா படுத்தா மூச்சு வாங்குது. ஒன்கிட்ட சொன்னா சிரிப்பன்னு சொல்லல."

"சிரிக்கல. வாங்க, போவோம்."

"காவடி? பிள்ளைக்கு நேர்ந்தது. அத எப்படி விடறது?"

"விட வேணாம். நேர்ந்தது நம்ம பிள்ளைக்குத்தான? நான் அவளுக்கு அம்மாதான? நான் பால்குடம் எடுக்கிறேன்."

"நீ விரதம் இல்லியே."

"நீங்க பாயில படுத்தப்ப நான் எங்க படுத்தேன்? நீங்க ஒருவேளைச் சோறு சாப்பிட்டப்ப நான் மட்டும் என்ன கோழி ஆக்கித் தின்னேனா?"

நாகையா யோசித்தான். தன் நெஞ்சை எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! பக்கத்துப் பாயை ஒருநாளும் பார்க்கவில்லை.

அவன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனான். செருப்பு காலில் ஏறவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் ஹமிட் வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புவாசா எனும் ரமலான் மாதம்; பச்சைத் தண்ணீர் பல்லில் படாத நோன்பு. நாகையாவின் முகத்தை ஒருமுறை பார்த்தவர், "சாக்கித்தா?" என்று மட்டும் கேட்டார். நோவா என்று கேட்டதற்குச் சந்திரகலா தலையை ஆட்டினாள். அவர் குழாயை மூடினார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, பழைய காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். தேஜஸ் என்றும் சொல்லவில்லை, தசை என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டதும் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் நடையிலேயே உட்கார்ந்து, அவள் வாங்கி வந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "இருந்து என்னான்னு கேட்டுட்டே போவோம்," என்று மலாயில் சொன்னார். விரதம் என்றால் இவ்வளவு சத்தமில்லாமலும் இருக்கலாம்.

மீனலோசனி என்ற பெண் டாக்டர் வந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாகையாவின் காலை அழுத்திப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், என்ன மாத்திரை. அவன் பொடியைப் பற்றிச் சொன்னான்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேட்டீங்களா?"

"சத்துன்னு சொன்னாரு."

அவள் சிரிக்கவில்லை. "கிட்னி ரெண்டும் கஷ்டப்படுது. இண்டைக்கு வந்தது நல்லது. நாளண்டைக்கு அந்தப் பாரத்தையும் தூக்கியிருந்தால் நான் உங்களோட கதைச்சுக்கொண்டு இருந்திருப்பனோ தெரியாது."

"பொடியாலயா டாக்டர்?" என்றாள் சந்திரகலா.

"அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன் அக்கா. அவருக்கு முதலே கிட்னியில ஒரு பலவீனம் இருந்திருக்கலாம், ஆருக்குத் தெரியும்? நல்ல கிட்னி உள்ள ஆள் பால்மா குடிச்சு ஒண்டும் ஆகாமலும் போகும். ஆனால் தண்ணியையும் குறைச்சு, நோவு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, சோத்துக்குப் பதிலா, என்ன கலந்ததெண்டே தெரியாததை ரெண்டு மடங்கா விழுங்கினால், எந்தக் கிட்னி தாங்கும்? அதே பொடியைக் குடிக்கிற மற்ற ஆக்களையும் ஒருக்கா வந்து சோதிக்கச் சொல்லுங்கோ."

தைப்பூசத்தன்று சந்திரகலா மஞ்சள் சேலை கட்டி, பால்குடம் எடுத்து நடந்தாள். வழியில் இராஜம்மா, "ஒன் வீட்டுக்காரரு காவடி எங்க? எல்லாரும் பார்க்கக் காத்திருக்கோமே," என்றாள். சொல்வதற்கு நல்ல உறைப்பான பதில் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. தலையில் பால் இருந்ததால் அதை விழுங்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரியில இருக்காரு அக்கா. வேண்டிக்குங்க," என்றாள். இராஜம்மாவுக்கு முகம் மாறிப்போயிற்று. அதற்குப் பிறகு கோவில்வரை அவள் தன் குடையைச் சந்திரகலாவின் பக்கம் சாய்த்தே பிடித்துக்கொண்டு வந்தாள். பால்குடத்துக்குக் குடை பிடிக்கிற வழக்கம் கிடையாது. இருந்தாலும் பிடித்தாள்.

மருந்தில் வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால், மேல்மாடியில் கைதட்டல் வாங்கிய அந்தக் கால், நாணல் தட்டையாகக் கிடந்தது. மாஸ்டரும் நாலைந்து சீடர்களும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். வீங்கிய காலைப் பார்த்துப் பூரித்தவர்கள், வடிந்த காலைப் பார்த்துப் பதறிவிட்டார்கள்.

"ஐயோ, பாடி போச்சே லா!" என்றான் வேலாயுதம். கூடத்திலேயே பெரிய கை அவனுடையது.

"கவலைப்படாத," என்று மாஸ்டர் நாகையாவின் தோளைத் தட்டினார். "வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பொடிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா..."

நாகையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சந்திரகலா எழுந்தாள். நெருப்பாக நாலு வார்த்தை கேட்க அவளைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? ஆனால் இந்த ஆண்களிடம் கேலியாக ஒன்று சொன்னால், அது கேலியாகவே அவர்களோடு மேல்மாடிக்குப் போய்ச் சேரும். பீப்பாயும் அங்கேயே இருக்கும். ஒருமுறை பட்டது போதும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, டாக்டர் சொன்னதை அப்படியே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு, "மாஸ்டர், கேக்கிறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்தப் பொடியக் குடிக்கிறீங்களா?" என்றாள்.

"நானா? நான் எதுக்கு? எனக்கு வயசாயிருச்சு லா."

"எப்பவாவது குடிச்சீங்களா?"

மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் உருட்டினார். "எனக்கு அது... வயித்துக்கு ஒத்துக்காது. நான் எப்பவும் சோறு, மீன் குழம்புதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சீடர்கள் அத்தனை பேரும் ஒருசேர அவரைப் பார்த்தார்கள். கண்ணாடியைத் தவிர வேறு எதையும் அவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் மணி பார்த்தார்; கார் நிறுத்திய இடம் சரியில்லை என்றார்; போனார்.

சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை. பாதிக்கு மேல் திரும்பியது; மீதி திரும்பாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மீனலோசனி சொல்லிவிட்டாள். நாகையா மறுபடி லோரி ஓட்டப் போனான். மாதம் ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும்.

அப்படி ஒரு காலை, கிளினிக் நடையில் அவனும் சந்திரகலாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கிள்ளானின் தசைகளெல்லாம் வரிசையாக உள்ளே வந்தன. வேலாயுதம் முன்னால், மற்றவர்கள் பின்னால். இறுக்கமான பனியன்; விரிந்த தோள்; ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு சின்ன பாட்டில். இரும்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கர்ஜித்தவர்கள், அந்தப் பாட்டிலை எங்கே வைப்பது, எப்படி மறைப்பது என்று தெரியாமல், பூனை வாயில் அகப்பட்ட எலிபோல நின்றார்கள். வேலாயுதம் தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா," என்றான் மெல்ல. "எனக்கும் ஒரு மாசமா நுரையாதான் போவுது. யார்கிட்டயும் சொல்லல."

சந்திரகலாவின் நாக்கு துடித்தது. இப்படி ஒரு ஊர்வலத்தை முருகனே அவளுக்காக அனுப்பி வைத்திருக்க வேண்டும். மிஸ்டர் கிள்ளான் போட்டி இங்கேயா நடக்கிறது, கோப்பையை எல்லாரும் கையிலேயே கொண்டு வந்துவிட்டீர்களே என்று கேட்டிருந்தால் நடை முழுக்கச் சிரித்திருக்கும். நாகையாவும் அதற்காகவே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

அவள் பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தாள்.

"உக்காருப்பா," என்றாள். "டாக்டர் நல்ல பொண்ணு. பயப்படாம சொல்லு."